மாம்பழ ஈ: பொறியில் விழும் கணக்கை எப்படிப் படிப்பது

கிருஷ்ணகிரி, தருமபுரி தோப்புகளில் பழ ஈ எப்போது வரும் என்று கேட்டால் மே, ஜூன் என்பார்கள். அப்போதுதான் அது கண்ணில் படுகிறது. உண்மையில் வருஷம் முழுக்க அக்கம்பக்கத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் குளிரும் பழப் பஞ்சமும் சேர்ந்து எண்ணிக்கை மிகவும் இறங்கும். மிச்சமிருப்பவை வேலியோரக் கொய்யாவிலும் சப்போட்டாவிலும் காலம் தள்ளி, மாங்காய் முற்றத் தொடங்கியதும் இந்தப் பக்கம் வரும்.

முட்டையிலிருந்து ஈயாக வெயில் காலத்தில் சுமார் மூன்று வாரம் போதும். ஏப்ரலில் செந்தூரா ரக மாங்காயை முட்டையிடக் குத்திய ஈக்களின் வாரிசுகள் பெங்களூரா ரகத்துக்கு வரும், அவற்றின் வாரிசுகள் நீலம் ரகத்துக்கு. நடுவில் கோடை மழை பெய்து மண் ஈரமானால் கூட்டுப்புழுக்களில் பிழைப்பவை கூடும். கடைசியில் பழுக்கும் நீலம் அதிகம் அடி வாங்குவது இதனால்தான்.

ஈ குத்திய காயின் தோலில் ஊசி முனை அளவு கரும்புள்ளி தெரியும். சில நாளில் அந்த இடம் மெத்தென்று ஆகி, அழுத்தினால் சாறு கசியும். முற்றிய புழு பழத்தைவிட்டு வெளியேறி, உடலை வளைத்துத் துள்ளித் துள்ளிப் போய் மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகும்.

பொறி என்பது மருந்தில் ஊறிய துண்டைத் தொங்கவிட்ட டப்பா. அதற்கு 5 செ.மீ. சதுரமும் 1 செ.மீ. கனமும் உள்ள பிளைவுட் துண்டு வேண்டும். எத்தனால் 6 பங்கு, மீத்தைல் யூஜினால் (வாசத்தால் ஆண் ஈயை இழுப்பது) 4 பங்கு, மாலத்தியான் (பூச்சிக்கொல்லி) 1 பங்கு கலந்து, துண்டை இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். கையுறை கட்டாயம். ஏக்கருக்கு 10 பொறி, ஆள் உயரத்தில், நிழலான கிளையில். அறுவடைக்கு இரண்டு மாதம் முன்பே மாட்டுங்கள். காய் பழுத்தபின் மாட்டினால் முட்டை ஏற்கெனவே உள்ளே போயிருக்கும்.

பொறியில் விழுபவை ஆண் ஈக்கள் மட்டுமே. முட்டையிடுவது பெண். அதனால் டப்பா நிறைந்திருப்பதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம், பக்கத்துத் தோப்பில் இனச்சேர்க்கை முடித்த பெண் ஈ பறந்து வந்து குத்தும். நாலைந்து தோப்புக்காரர்கள் சேர்ந்து ஒரே வாரத்தில் மாட்டினால்தான் முழுப் பலன் என்பது என் உறுதியான கருத்து. கணக்கு திடீரென்று குறைந்தால் ஈ குறைந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மருந்தின் வாசம் போயிருக்கலாம், தொடர் மழையில் ஈ பறக்காமல் இருந்திருக்கலாம், எறும்பு செத்த ஈயை இழுத்துப் போயிருக்கலாம். தொங்கவிடும் கம்பியில் கிரீஸ் தடவுங்கள், துண்டை மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

விழுந்த பழத்தை மரத்தடியில் விட்டுவைத்தால் பொறி போட்டதெல்லாம் வீண். வாரம் இருமுறை பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். மேலாகப் புதைத்தால் ஈ மண்ணைக் கிளறி வெளியே வந்துவிடும். குழி தோண்ட ஆள் கிடைக்காவிட்டால், தடித்த பிளாஸ்டிக் சாக்கில் கட்டி வெயிலில் போடலாம். அறுவடை முடிந்ததும் மரங்களுக்கு இடையே உழுதுவிட்டால் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலில் காயும், பறவைகளும் எறும்பும் தின்னும்.

நீலம் பறித்த கையோடு எல்லாப் பொறியையும் கழற்றிவிட வேண்டாம். கொய்யா மரங்களுக்கு அருகே இரண்டு மூன்று மட்டும் தை மாதம் வரை தொங்கட்டும், துண்டு மாற்றுவதையும் நிறுத்தாதீர்கள்.