உவர் மண்ணுக்கு உரியவை

சில ஆண்டுகளுக்கு முன், வடசென்னையில் எண்ணூர்ப் பக்கம் கடற்கரையை ஒட்டிய ஒரு மணல்மேட்டில் மரக்கன்று நடும் பணிக்கு நானும் போயிருந்தேன். குழி தோண்டுவதற்கு முன் நிலத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லி, மணல் முழுவதும் படர்ந்து கிடந்த கொடிகளை மண்வெட்டியால் வாரி ஓரத்தில் குவித்தோம். சற்றுத் தள்ளி வலையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, "அத்தப் புடுங்காத தம்பி, மண்ணப் புடிச்சினு கீறதே அதான்" என்றார். "சரிங்க ஐயா" என்று தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தோம். நாங்கள் நட்டவை வேம்பும் தூங்குமூஞ்சியும். அடுத்த கோடை முடிவதற்குள் அவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கொடி இருந்த இடத்திலோ காற்று மணலை வாரிச் சாலையில் கொட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கொடி அடும்பு. அதன் இலை நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவைப் பார்த்து மானின் குளம்பு என்றார்கள் சங்கப் புலவர்கள். தாவரவியலில் அதற்கு இட்ட பெயருக்கோ ஆட்டின் கால் என்று பொருள். காலையில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூக்கள் புனல்போல் விரிந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். கொடியை மணல் மூடினால் அது சாவதில்லை. மூடிய இடத்தில் கணுவுக்குக் கணு வேர்விட்டு, மேலே வந்து மறுபடியும் படர்கிறது. காற்று கொண்டுவரும் மணலை இப்படிப் படிப்படியாகப் பிடித்து வைத்துத்தான் கடற்கரையில் மேடு எழுகிறது. அதற்குத் துணையாக நிற்கும் புல் இராவணன் மீசை. அதன் இலை ஊசிபோல் குத்தும். பெண் செடியின் பூங்கொத்து முற்றியதும் நீண்ட முட்கள் எல்லாப் பக்கமும் நீட்டிய ஒரு பந்தாகக் காம்பிலிருந்து கழன்று, காற்று தள்ளும் திசையில் மணல்மேல் உருண்டோடி, போகும் வழியெல்லாம் விதையைச் சிந்திவிட்டுப் போகும். சிறுவயதில் அந்தப் பந்துகளைத் துரத்தி ஓடியிருக்கிறோம். அது ஒரு செடி தன் பிள்ளைகளை ஊர் அனுப்பும் முறை என்று அப்போது எங்களுக்கு எவரும் சொல்லித்தரவில்லை.

இப்போது காசிமேட்டிலிருந்து எண்ணூர் நோக்கிச் சாலையோரமாகப் போனால் பெரும்பாலும் கருங்கல் குவியல்தான் கண்ணில் படுகிறது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1870களில் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானம் கடலுக்குள் நீண்டு அந்த ஓட்டத்தைத் தடுத்தபோது, தெற்கே மெரினா அகன்றது. வடக்கே எங்கள் கரை அரிக்கப்பட்டது. நகரம் பெருமைப்படும் அந்த அகலமான மணற்பரப்பில் எங்கள் குப்பங்களுக்கு வந்து சேர வேண்டிய மணலும் கிடக்கிறது என்பதை நான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். மணல் போனதோடு அடும்பும் போயிற்று. வீடுகளைக் காக்கக் கல் கொட்ட வேண்டியதாயிற்று.

வடசென்னையில் பச்சையே கிடையாது என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். பச்சை என்றால் உயர்ந்த மரம், நிழல், பூங்கா என்று மட்டும் கொண்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில், வற்றுநீர் நேரத்தில் சேற்றோரம் நின்று பாருங்கள். ஈர நிலத்தில் உமரி கூட்டம் கூட்டமாக நிற்கும். அதன் இலை உப்பு நீரைச் சேமித்துத் தடித்திருக்கும். சில காலங்களில் பரப்பே சிவந்துவிடும். அதன் இளந்தளிரைக் கீரையாகச் சமைப்பவர்கள் தனியாக உப்புப் போட வேண்டியதில்லை. வருவாய்க் கணக்கில் இந்த நிலம் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் இருக்கலாம். செடிகளின் கணக்கில் இது நிரம்பி வழியும் நிலம்.

உமரிக்கு அப்பால், நீரோரத்தில் வெண்கண்டல் நிற்கிறது. அதன் இலையைத் திருப்பினால் அடிப்புறம் வெளிறியிருக்கும். மேற்புறத்தை நாவால் தொட்டால் கரிக்கும். வேர் வழியே ஏறிய உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளுவதால், வெயில் நாளில் அது பொடிப்பொடியாகப் படிந்து மின்னும். சேற்றுக்குள் காற்று இல்லை என்பதால், மரத்தைச் சுற்றிலும் விரல் கனத்தில் நூற்றுக்கணக்கான மூச்சுவேர்கள் நிமிர்ந்து நிற்கும். விதையும் மரத்திலேயே, காயின் தோலுக்குள் முளைத்துவிடுகிறது. நீரில் விழுந்து மிதந்து, தோல் பிரிந்து, தட்டுப்பட்ட சேற்றில் உடனே வேரூன்றுகிறது. அந்த மூச்சுவேர்களுக்கு இடையில்தான் இறால் குஞ்சுகள் வளர்கின்றன. பறி என்னும் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு நீரில் இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களின் அன்றாடச் சோறு இந்த மரங்களோடு பிணைந்திருக்கிறது.

அனல்மின் நிலையங்களின் சாம்பல் இந்தச் சேற்றின்மேல் பல ஆண்டுகளாகப் படிந்து வருகிறது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது கழிமுகம் முழுவதும் எண்ணெய் படர்ந்தது. வெள்ளம் வடிந்தபின் போய்ப் பார்த்தேன். நீர் நின்ற உயரம்வரை அடிமரமும் மூச்சுவேர்களும் கறுத்திருந்தன. மூச்சுவிடும் துளைகளையே எண்ணெய் அடைத்துக்கொண்டது என்பதை நேரில் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

ஊருக்குள் வந்தால் பழைய தாவரங்களைப் பெயர்களில் தேட வேண்டியிருக்கிறது. எருக்கஞ்சேரியில் எருக்கு இருக்கிறது, புரசைவாக்கத்தில் புரசு இருக்கிறது. திருவொற்றியூர்க் கோயிலில் மட்டும் மகிழம் பெயரளவில் நின்றுவிடாமல் தலமரமாகவே வாழ்கிறது. சுந்தரர் சங்கிலியாருக்குச் சூளுரைத்தது அதன் அடியில்தான் என்பதால், மாசித் திருவிழாவில் இன்றும் மகிழடி சேவை நடக்கிறது. மகிழம் இந்தக் கரையோரத்து வறண்ட பசுமைமாறாக் காட்டுக்கு உரிய மரம். அதன் சிறு பூ காய்ந்து சருகான பின்னும் மணம் விடாது. அந்தக் காட்டின் பெரிய எச்சம் ஒன்று பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிக்கோட்டாவில் இருக்கிறது. முன்பு அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே படகுகளில் விறகு சென்னை அடுப்புகளுக்கு வந்தது. ராக்கெட் ஏவுதளத்துக்காக வேலி போட்ட பிறகு காடு மீண்டு நிற்கிறது.

இப்போதெல்லாம் மரம் நட என்னை அழைப்பவர்களிடம் நான் முதலில் மண்ணைப் பற்றித்தான் கேட்கிறேன். உள்ளே, நன்னீர் ஊறும் தெருவென்றால் மகிழமும் புன்னையும் புங்கையும் நடலாம். கரையோரம் பூவரசும் தாழையும் தாங்கும். மணல்மேட்டிலும் உவர்ச் சேற்றிலும் எதையும் நட வேண்டாம், அங்கே இருப்பதைப் பிடுங்காமல் விட்டால் போதும் என்பேன். சீமைக்கருவேலம் மட்டும் விதிவிலக்கு. அதை வேரோடு எடுக்கலாம்.

சென்ற மாதம் அதே மணல்மேட்டுக்குப் போனேன். நாங்கள் வாரிப்போட்ட ஓரத்திலிருந்து அடும்பு மறுபடி கிளம்பி, செத்த கன்றுகளுக்கு நட்டு வைத்த மூங்கில் குச்சிகளைத் தாண்டி, சாலைப் பக்கம் ஏழெட்டு முழம் வந்திருந்தது. மூன்று பூக்கள் விரிந்திருந்தன.