திருநின்றவூரில் அப்பா

போன வருஷம் அப்பாவுக்குப் பைபாஸ் நடந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டாள். "இருதயாலீஸ்வரா, பிழைச்சு எழுந்தா உன் வாசலுக்குக் கூட்டிட்டு வர்றேன்." போன பிரதோஷத்துக்குத்தான் அது கைகூடியது.

கார் இருந்தும் அப்பா ரயில்தான் என்றார். மூர்மார்க்கெட்டில் ஏறியதிலிருந்து வில்லிவாக்கம் வரை நின்றுகொண்டே வந்தார், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அம்பத்தூர் பக்கம் ஒரு மாடிக் கட்டடத்தைக் காட்டி, "நம்ம வேலை" என்றார். இறங்கினால், ஆட்டோக்காரர் கேட்ட காசுக்கு நாங்கள் மூவரும் பத்து தடவை ரயிலில் வந்து போகலாம். "சீக்கிரமா பாக்க வழி இருக்குங்க" என்று ஒருவர் வேறு ஒட்டிக்கொண்டார். எனக்கு எரிச்சல். அப்பா சிரித்துக்கொண்டே நடந்தார்.

அப்பா மேஸ்திரியாக இருந்து பில்டர் ஆனவர். சனிக்கிழமை சம்பளம் எண்ணும் முன் தர்மத்துக்கான மகமைப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார், கடன் வாங்கிக் கூலி கொடுத்த வாரங்களிலும்கூட. கொத்தனார் பிள்ளைகளின் ஃபீஸ், தளம் போடும் நாள் சாப்பாடு, பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்து மூவர் அன்று மோரும் சாம்பார் சாதமும் எல்லாம் அதிலிருந்துதான். எதிலும் உபயம் என்று பெயர் கிடையாது. "ட்யூப்லைட்டுல பேர் எழுதினா வெளிச்சம்தான் குறையும்" என்பார். இத்தனை வீடு கட்டியும் சுவாமிக்கு ஒரு கோயில் கட்டவில்லையே என்ற குறை மட்டும் அவருக்கு உண்டு.

கூட்டம் தள்ளியதில் எப்படியோ சன்னதிக்கு நேரே வந்துவிட்டோம். தீபம் உயர்ந்தபோது லிங்கத்தின் பக்கத்தில், அறுபத்து மூவரில் ஒருவரான பூசலார் தெரிந்தார். காஞ்சியில் பல்லவ மன்னர் கல்லால் எழுப்பிய கோயிலுக்குக் குடமுழுக்கு நாளை மாற்றச் சொல்லிவிட்டு, இவர் மனசுக்குள் கட்டிய கோயிலுக்கல்லவா புறப்பட்டார் சுவாமி! நெஞ்சைப் பிளந்து தைத்த மனுஷன், நெஞ்சுக்குள்ளேயே கோயில் கட்டியவர் முன்னால் நின்றார். கூப்பிய கை நடுங்கியது.

"நாப்பது வருஷமா மாடவீதியில இவர் என்னைத் தாண்டிப் போயிருக்காரும்மா. மோர் அண்டாவையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். எந்தச் சப்பரத்துல போனாரோ…"

அதற்கு மேல் பேச வரவில்லை. பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிக் கத்தினார்கள், கத்தட்டும். குருக்கள் விபூதி கொடுத்ததோ, மரகதாம்பிகை சன்னதிக்கு எப்படிப் போனோம் என்பதோ எனக்கு நினைவில்லை. அப்பா என் பக்கத்தில் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அது போதும் ஈஸ்வரா.

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பட்டாபிராம் தாண்டியும் அப்பா கண்ணைத் திறக்கவில்லை. அம்மா பதறி, "என்னங்க, நெஞ்சு வலிக்குதா?" என்று உலுக்கினாள்.

"சும்மா இரு. இப்பதான் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆரம்பிச்சிருக்கேன்."