புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில்

ஜூலை 26, புனித அன்னம்மாள் திருவிழா. அது நெருங்கினாலே மலேசியாவின் பினாங்குத் தமிழர் வீடுகளில் “செயிண்ட் ஆன்ஸ் எப்போ போறோம்?” என்ற பேச்சு வந்துவிடும். புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் அன்னம்மாளின் கத்தோலிக்கக் கோயிலைத்தான் அப்படிச் சொல்வார்கள். நேர்த்திக்கடன் வைத்த இந்துக் குடும்பங்களும் மெழுகுவத்தியோடு வரிசையில் நிற்பார்கள். கூட்டத்துக்குப் பயந்து நாங்கள் திருவிழா முடிந்தபின் ஒரு வார நாளில் போனோம்.

முன்னால் நிற்பது 2002-இல் கட்டிய புதுக் கோயில். சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களுடைய வீட்டுக் கூரை மாதிரி முனைகள் மேலே வளைந்திருக்கும். கம்பீரம்தான், ஆனால் எனக்கு மனம் ஒட்டியது 1888-இல் எழுந்த பழைய கோயிலில். அதற்கும் முன்பே, 1846-இல், பிரெஞ்சுப் பாதிரியார்கள் இங்கே ஒரு சிற்றாலயம் அமைத்திருந்தார்கள். மலாயாவில் கம்யூனிஸ்டு கிளர்ச்சி நடந்த அவசரகாலத்தில் (1948–60) இந்த வட்டாரம் ‘கறுப்புப் பகுதி’ ஆனது. கம்யூனிஸ்டு நடமாட்டம் என்று மக்கள் வரத் தடை. அப்படிப் பூட்டிக் கிடந்த இடத்துக்கு 2019-இல் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதி வத்திக்கானிடமிருந்து கிடைத்தது.

அன்னம்மாள், இயேசுவுக்கு அம்மாச்சி. நான்கு நற்செய்திகளிலும் அவர் பெயர் இல்லை. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, யாக்கோபின் பெயரில் வழங்கும் ஒரு நூலில்தான் அவர் கதை வருகிறது: பிள்ளையில்லாத ஏக்கம், வேண்டுதல், வயதான காலத்தில் மரியா. குழந்தை வரம் கேட்பவர்கள் இவரைத் தேடி வருவதில் ஆச்சரியம் என்ன? அந்தச் சிறு கதையிலிருந்து ஐரோப்பியச் சிற்பிகள் இன்னொன்றையும் கற்பனை செய்தார்கள்: சிறுமி மரியாவுக்குப் புத்தகம் விரித்து வாசிக்கக் கற்றுத்தரும் அன்னம்மாள். வேதத்தில் இல்லாத காட்சி. ஆனாலும் பல நாட்டுக் கோயில்களில் சுரூபமாகவும் கண்ணாடி ஓவியமாகவும் நிலைத்துவிட்டது. பிள்ளைக்குப் படிப்புச் சொல்லித்தரும் அம்மாவை எந்த ஊருக்குத்தான் பிடிக்காது!

வாசிப்பு என்றதும் சொல்ல வேண்டும். இதே வளாகத்தில் ஒரு பெரிய கருங்கல் பாறை இருக்கிறது. செரோக் தொக்குன் கல்வெட்டு. 1845-இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி வெளியுலகுக்குத் தெரிவித்தார். 5, 6-ஆம் நூற்றாண்டுப் பல்லவ எழுத்து என்பது அறிஞர் கணிப்பு. கோயில் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே நம் கடற்கரை எழுத்து இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது!

சித்தி செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையைக் கும்பிட்டார். “சாமி இல்லை சித்தி, எழுத்து” என்றேன். “எழுத்தும் சாமிதான், சும்மா இரு” என்றார். சரி, நானும் கும்பிட்டேன். திருவிழாவுக்குப் போகிறவர்கள் மெழுகுவத்தி ஏற்றியதும் அப்படியே பேருந்துக்கு ஓடாமல் இந்தப் பாறைக்கும் கொஞ்ச நேரம் வையுங்கள்.