திரும்பி வராதவர்களின் வாசல்

இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில், பிரெடன் குன்றின் தெற்குச் சரிவில் ஓவர்பரி என்றொரு சின்னக் கிராமம். நவம்பர் மாதம், போரில் மாண்டவர்களை நினைக்கிற ஞாயிற்றுக்கிழமை, அங்குள்ள புனித ஃபெய்த் ஆலயத்துக்கு அம்மாவை அழைத்துப் போயிருந்தேன்.

உள்ளே போகும் முன்பே அம்மா நின்றுவிட்டார்கள்.

“வெளிவாசலுக்கு எதுக்குப்பா கூரை?”

இதற்கு லிச் கேட் என்று பேர். ‘லிச்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் பிணம். சவப்பெட்டியைச் சுமந்து வருகிறவர்கள் மழைக்கு ஒதுங்கி, பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, போதகருக்காக இங்கேதான் காத்திருப்பார்கள். போதகர் வாசலுக்கே வந்து உடலை எதிர்கொள்ள வேண்டும் என்று இங்கிலாந்து திருச்சபையின் 1549-ஆம் வருட ஜெபப் புத்தகம் சொல்கிறது. “நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்” என்ற வசனத்தோடு உள்ளே அழைத்துப் போவார். நம் ஆலயங்களில் அடக்க ஆராதனைக்குச் சொல்கிற அதே வசனம்.

“அப்ப நம்ம ஊர் சுமைதாங்கி மாதிரி” என்றார்கள் அம்மா. சரிதான். வயிற்றுப்பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாகத்தானே நாமும் சுமைதாங்கி நட்டோம்.

ஆனால் இந்த வாசல், இதன் வழியே வராதவர்களுக்காகக் கட்டியது. முதல் உலகப் போரில் மாண்டவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவரக் கூடாது என்று பிரிட்டன் 1915-லேயே தடுத்துவிட்டது. வசதியுள்ளவன் மட்டும் தன் பிள்ளையைக் கொண்டுவந்துவிடக் கூடாது, எல்லாரும் சமம் என்பது ஒரு காரணம். நியாயம்தான். ஆனாலும் பெற்றவளுக்கு அழ ஒரு கல்லறை வேண்டாமா? அதனால்தான் போர் முடிந்ததும் பல கிராமங்கள் நினைவுச்சின்னமாக இந்த வாசலையே கட்டின என்று நான் நினைக்கிறேன். பிள்ளை வந்து சேர்ந்திருக்க வேண்டிய இடம் இது.

ஓவர்பரி வாசலை வடிவமைத்தவர் ஹெர்பர்ட் பேக்கர். டெல்லியின் தலைமைச் செயலகக் கட்டடங்களும் அவர் வடிவமைத்தவைதான். பிரான்சின் நெவ் ஷப்பேலில், கல்லறை தெரியாத 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களுக்கு 1927-இல் திறந்த நினைவிடமும் அவர் கைவண்ணமே. இதைச் சொன்னதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது.

வாசலோரம், போரில் மாண்டவர்களின் நினைவாக வைக்கிற சிவப்புப் பாப்பி மலர்வளையம் ஒன்று. முந்தின இரவு மழையில் காகித இதழ்கள் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அம்மா குனிந்து, ஒவ்வொரு இதழாக விரல் நுனியால் பிரித்துவிட்டார்கள். அப்புறம் கையுறையைக் கழற்றி வாசலைத் தொட்டபடி, “என்னை விசுவாசிக்கிறவன் மரித்தாலும் பிழைப்பான்” என்று அந்த வசனத்தின் மீதியைத் தமிழில் சொன்னார்கள்.

நான் ஆமென் சொன்னேன். ஆராதனைக்கு நேரமாகியிருந்தது. உள்ளே போனோம்.