மெனுவுக்குள் தேடும் பெட்டி: ஓடியதும் ஓடாததும்

2012-இல் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12.04 பதிப்பு வந்தபோது, அதன் யூனிட்டி டெஸ்க்டாப்பில் ஹட் என்று ஒரு வசதி இருந்தது. ஆல்ட் விசையை ஒரு தட்டு தட்டினால் பெட்டி திறக்கும். முன்னால் இருக்கும் செயலியின் மெனுவில் எந்த மூலையில் கிடக்கும் கட்டளையையும் பெயரை எழுதியே ஓட்டிவிடலாம். இன்று லிப்ரெஆபிஸ் அலுவலகத் தொகுப்பில் 7.2 பதிப்பிலிருந்து ஷிஃப்ட்-எஸ்கேப், படம் திருத்தும் கிம்பில் சாய்கோட்டு (/) விசை, கேடிஇ டெஸ்க்டாப்பின் செயலிகள் பலவற்றில் கன்ட்ரோல்-ஆல்ட்-ஐ என்று ஆளுக்கொரு தேடல் வைத்திருக்கிறார்கள். எதற்கு எந்த விசை என்று நினைவில் வைக்க எனக்கு ஆகவில்லை. நான் புழங்கும் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பில் விஸ்கர் மெனு என்ற தொடக்க மெனு செயலியைத் தேடித் தரும். செயலிக்குள் போய்த் தேடாது. மேட் டெஸ்க்டாப்புக்கு ஹட் மாதிரியே ஒன்று உண்டு, அதையே கொண்டுவந்து மாட்டியிருக்கலாம்தான். ஆனால் அப்புறம் விடுமுறை நாளில் நான் என்ன செய்வது? எல்லாச் செயலிக்கும் பொதுவாக ஒரு தேடல் பெட்டியை நானே எழுத உட்கார்ந்தேன்.

பெட்டி, கீழே பட்டியல், எழுத எழுத வடிகட்டுவது: பைத்தான் நிரல்மொழியும், சாளரம், பொத்தான்களை வரையும் ஜிடிகே 3 என்ற நிரலகமும் வைத்து இது ஒரே மாலையில் முடிந்தது. பட்டியலில் போட கட்டளைகளைப் பெறுவதற்குத்தான் மூன்று வாரம் ஆனது.

செயலிகள் தங்கள் மெனுவை டி-பஸ் வழியாக, அதாவது நிரல்கள் தமக்குள் செய்தி பரிமாறும் பாதை வழியாக, வெளியே காட்டும். ஆனால் இரண்டு பாஷைகளில். க்யூட்டி (ஜிடிகே போலவே இன்னொரு நிரலகம்) கொண்டு எழுதிய செயலிகள் டிபஸ்மெனு என்ற முறையில் பேசுகின்றன. கெட்லேஅவுட் என்று கூப்பிட்டு, ஆழம் -1 என்று சொன்னால் மெனு, துணைமெனு என்று கிளைக்கும் முழு மரத்தையும் ஒரே மூச்சில் கொடுத்துவிடும். ஜிடிகே செயலிகள் அப்படியில்லை. மெனுவைத் துண்டு துண்டாக, எண் போட்ட குழுக்களாகத் தருகின்றன. ஒரு குழுவைப் படித்தால், இதன் மிச்சம் அந்தக் குழுவில் என்று கை காட்டும். அங்கே போனால் இன்னொன்றைக் காட்டும். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் பகுதிதான் என் நிரலிலேயே நீளமானது, அழகில்லாததும் அதுதான்.

முதல் ஓட்டத்தில் பட்டியல் காலி. அரை மணி நேரம் டி-பஸ்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது: பெட்டி திறந்த நொடியே, முன்னால் இருக்கும் சாளரம் என் பெட்டிதான்! அது தன் மெனுவையே தேடியிருக்கிறது. திறப்பதற்கு முன்பே முந்தைய சாளரத்தின் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். கட்டளையை ஓட்டும்போதும் அதேபோல பெட்டி மூடி, பழைய சாளரம் முன்னுக்கு வந்த பிறகுதான் அனுப்ப வேண்டும்.

அடுத்த கூத்து இதைவிடப் பெரிது. டிபஸ்மெனுவுக்கு ஒரு பதிவாளர் தேவை. எந்தச் சாளரத்தின் மெனு எங்கே இருக்கிறது என்று குறித்து வைப்பது அதன் வேலை. சரி, அதையும் நானே எழுதி ஓட்டினேன். மறுநாள் திறந்த க்யூட்டி செயலிகள் எல்லாவற்றிலும் மெனுப் பட்டையே காணோம். யோசித்தால் அவற்றின் மேல் குற்றமில்லை. பதிவாளர் ஒருவர் இருந்தால், மெனுவைத் திரையில் காட்ட வேறு யாரோ இருக்கிறார்கள் என்று எண்ணி, க்யூட்டி தன் பட்டையை மறைத்துக்கொள்கிறது. அதுவும் செயலி தொடங்கும்போது ஒரே ஒருமுறைதான் பார்க்கும். பதிவாளருக்கு முன்பே திறந்திருந்த செயலிகளில் பட்டை இருந்தது, தேடல் கிடைக்கவில்லை. பின்னால் திறந்தவற்றில் தேடல் கிடைத்தது, பட்டை இல்லை.

இதைச் சுற்றி வர வழி தேடிச் சலித்து, கடைசியில் வடிவமைப்பையே மாற்றினேன். இப்போது பெட்டி காலியாக இருக்கும்போது கோப்பு, திருத்து, பார்வை என்று மேல்மட்ட மெனுக்கள் தெரியும். அம்பு விசையால் உள்ளே இறங்கலாம், எழுதினால் தேடலாம். அதாவது பெட்டியே மெனுவாகிவிட்டது. திட்டமிட்டு வந்ததல்ல, ஆனால் இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

தமிழில் தேடும்போது வேறு விதமான சிக்கல்கள். ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சு செய்தால் 'சேமி' என்பது ச், சே, சேம், சேமி என்று வளர்கிறது. 'ச்' என்ற நிலையில் 'சேமி'யோடு பொருந்தாது, 'சே' வந்ததும் பொருந்தும், 'சேம்' ஆனதும் மறுபடி பொருந்தாது. பட்டியல் கண் சிமிட்டுவது போல வந்து வந்து போனது. தேடல் சொல்லின் கடைசியில் இருக்கும் புள்ளியை மட்டும் எடுத்துவிட்டுத் தேடினேன், அடங்கிவிட்டது. இன்னொன்று, 'கொ' என்பதை யூனிகோடில் கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம், ஒரே குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. தேடல் சொல், மெனுப் பெயர் இரண்டையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிய பிறகுதான் ஒப்பிடுகிறேன். மெனுப் பெயர்களில் குறுக்குவிசைக்காக வரும் கீழ்க்கோட்டையும் களைய வேண்டும். சொல் ஒற்றுமை வேறு இல்லை: ஒரு செயலி 'நீக்கு' என்கிறது, மற்றொன்று 'அழி' என்கிறது. அதற்குக் கையாலேயே ஒரு சிறு அகராதி வைத்திருக்கிறேன்.

ஒரு விபத்தையும் சொல்லிவிடுகிறேன். சில செயலிகள் துணைமெனுவைத் திறக்கப் போகிறேன் என்று சொன்னால்தான் அதை நிரப்பும். அதனால் சில கட்டளைகள் தாமதமாக வந்து சேரும். படம் திருத்தும் ஒரு செயலியில் 'படத்தை' என்று எழுதினேன். முதல் வரியில் 'படத்தைச் சுழற்று' இருந்தது. என்டரைத் தட்டும் அந்த இடைவெளியில் 'படத்தைத் தட்டையாக்கு' வந்து மேலே ஏறிக்கொண்டது. அடுக்குகள் எல்லாம் ஒன்றாகிவிட்டன. படம் சுழன்றுவிட்டது மாதிரி பிரமை எனக்கு, அதை நம்பிச் சேமித்து மூடியும் விட்டேன். இப்போது விதி இதுதான்: தாமதமாக வருவது பட்டியலின் அடியில்தான் சேரும், அடுத்த விசை தட்டும்வரை முதல் வரியை யாரும் தொடக் கூடாது. பதில் சொல்லாத செயலிக்காகக் காத்திருப்பதையும் 300 மில்லிநொடியோடு நிறுத்திவிட்டேன். முன்பு செயலி உறைந்தால் என் பெட்டியும் கூடவே உறைந்து நின்றது.

இன்னும் 'அண்மைக் கோப்புகள்' துணைமெனு தொல்லை தீரவில்லை. கட்டளை தேடினால் பழைய கோப்புப் பெயர்கள் முன்னால் வந்து நிற்கின்றன. தேடல் சொல் இரண்டு எழுத்துக்குக் குறைவாக இருந்தால் அந்தத் துணைமெனுவை மட்டும் ஒதுக்கிப் பார்க்கிறேன். லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் புதிய முறையான வேலேண்டு பக்கம் இன்னும் போகவில்லை. நான் சாளரத்தை அடையாளம் காணும் முறை முழுவதும் பழைய முறையான எக்ஸ்11-ஐ நம்பியிருக்கிறது, வேலேண்டில் அந்தப் பகுதியை அடியிலிருந்து எழுத வேண்டும்.