இடப்பக்கம் படுக்காதே அம்மா

அம்மாவின் இடது மேற்கையில் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வெள்ளை வில்லை ஒன்று ஒட்டியிருக்கிறது. அதன் அடியில் தலைமுடி போன்ற இழை தோலுக்குள் இறங்கி, சர்க்கரையை அளக்கிறது. ரத்தத்தில் அல்ல, செல்களுக்கு இடையிலுள்ள நீரில். அதனால் விரல் குத்தலைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே சொல்லும். அளவைப் புளூடூத் வழியே என் கைபேசிக்கு அனுப்பும். ஆயுள் 14 நாள்.

நேற்று இரவு இரண்டு மணிக்கு என் கைபேசி அலறியது: சர்க்கரை 54, ஆபத்தான தாழ்வு. குளுக்கோஸ் டப்பாவோடு ஓடினேன். அம்மா இடப்பக்கம் ஒருக்களித்து, வில்லையை நசுக்கியபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். விரலில் குத்திப் பார்த்தால் 118! அந்த இடம் அழுந்தினால் பொய்த் தாழ்வு காட்டுமாம்.

போன வாரம் சிக்னலே வரவில்லை. புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பு நீர் விழுங்கிவிடுகிறது. (உடலுக்குள் பொருத்தும் பேஸ்மேக்கர் வகையறாவுக்கு 402–405 மெகாஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த அலைவரிசையை ஒதுக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.)

விழித்துக்கொண்ட அம்மா விரலைச் சப்பியபடி கேட்டார்: “குத்தாமல் பார்க்கத்தானே இதை வாங்கினாய்?”

பதில் இல்லை. குளுக்கோஸை நான் குடித்துவிட்டுப் படுத்தேன்.