அட்டை வெட்டிப் பார்த்து வாங்கிய ரப்

முறிகண்டியில் பஸ் நின்றால் பாதிப் பேர் இறங்கிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கச்சான் சரையோடு திரும்பி ஏறுவார்கள். நானும் அதே ஆள்தான். கிழமையில் இரண்டு மூன்று நாள் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் போய்வருகிறேன், ஒரு பக்கம் எண்பது கிலோமீற்றர் வரும், போக வர எப்படியும் மூன்றரை மணித்தியாலம் பஸ்ஸிலேயே போகிறது. அந்த நேரத்தில் வாசிக்கலாம் என்றுதான் ரப் வாங்கினேன். (எங்கள் பக்கத்தில் ரப் என்றுதான் சொல்வோம், டேப்லெட் என்று எழுதினால் யாரோ மருந்துக் குளிசை என்று நினைத்துவிடுவார்கள்.)

முதலில் வாங்கியது 10.1 அங்குலம். கடைக்காரத் தம்பி, "அக்கா, விலையில பெரிய வித்தியாசம் இல்ல, பெரிசா எடுங்கோ" என்றான். நானும் தலையாட்டிவிட்டேன். கடையில் மேசைமேல் வைத்துப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும், பஸ்ஸுக்குள் மேசை கிடையாதே. கவரோடு சேர்த்து முக்கால் கிலோவுக்குக் கிட்ட வந்தது. ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கச்சான் கோது உடைக்க முயன்று பாருங்கள், பனிக்கன்குளம் தாண்டுவதற்குள் மணிக்கட்டு கழன்றுவிடும். மடியில் வைத்து வாசித்தால் கழுத்து வலி. கைப்பையின் சிப் இரண்டு விரல் இடைவெளியோடுதான் மூடும், அந்த இடைவெளியால் றோட்டுத் தூசி எல்லாம் உள்ளே. இதெல்லாம் போதாது என்று பக்கத்து சீட் ஐயா ஒருவர் என்னோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்கி, நான் பக்கம் மாற்றும்போது "கொஞ்சம் பொறுங்கோ பிள்ளை" என்றார். அவர் வாசிக்கும் வேகத்துக்கு மாங்குளம் வரை மூன்று பக்கம்தான் போனது.

அதை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டாவதை வாங்கும்போது அவசரப்படவில்லை. ஒரு பிஸ்கற் பெட்டி அட்டையை எடுத்து, அளவுகோல் வைத்து, பார்த்திருந்த இரண்டு மூன்று மொடல்களின் திரை அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டினேன். ஒவ்வொன்றையும் கைப்பைக்குள் வைத்து ஒரு கிழமை கொண்டு திரிந்தேன். பாரம் தெரியவேண்டும் என்பதற்காக அரைக்கிலோ சீனிப் பை ஒன்றை அட்டைமேல் வைத்துக்கொண்டு வீட்டு விறாந்தையில் அரை மணித்தியாலம் இருந்தேன். அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, கேட்காமல் விட்டதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

அட்டை வெட்டும்போதுதான் ஒரு விசயம் பிடிபட்டது. அங்குலக் கணக்கு என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இழுக்கும் கோடு. அதை மட்டும் வைத்து அகலத்தைச் சொல்லமுடியாது. சாம்சங் ஏ9 என்ற சிறிய ரப்பின் திரை 8.7 அங்குலம், ஐபேட் மினியின் திரை 8.3. இலக்கத்தைப் பார்த்தால் சாம்சங்தான் பெரிது. வெட்டிப் பார்த்தால் சாம்சங் 11.3 சென்ரிமீற்றர் அகலத்தில் நீட்டாக, ஒல்லியாக நிற்கிறது, ஐபேட் 11.6 சென்ரிமீற்றர் அகலத்தில் கட்டையாக நிற்கிறது. படம் பார்க்கிறவருக்கு நீளம் வேண்டும், வாசிக்கிறவருக்கு அகலம்தான் முக்கியம், ஏனென்றால் ஒரு வரி முழுதாக உள்ளே நிற்கவேண்டும். (ஐபேட் மினி என் சம்பளத்துக்கு எட்டாது, ஆசைக்கு அட்டை வெட்டிப் பார்த்ததோடு சரி.)

இந்த அகலத்துக்கு நான் ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறேன் என்றால், நான் வாசிப்பதில் முக்கால்வாசி ஸ்கான் செய்த பக்கங்கள். எங்கள் வீட்டில் இரண்டு தகரப்பெட்டி நிறையப் புத்தகம் இருந்தது. 2009 இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனதில் எந்த இடத்தில் விட்டோம் என்று அம்மாவுக்கும் சரியாக நினைவில்லை. அதில் இருந்த சில புத்தகங்களை, நிறையப் பழைய சிற்றிதழ்களை, 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் மறுபடி கண்டேன். அங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை பக்கத்தை அப்படியே படமாகப் பிடித்த பிடிஎஃப். எழுத்தைத் தனியாகப் பெருப்பிக்க முடியாது. பெருப்பித்தால் முழுப் பக்கமும் பெருத்து, வரியின் கடைசி திரைக்கு வெளியே போய்விடும், பிறகு ஒவ்வொரு வரிக்கும் விரலால் அங்கும் இங்கும் தள்ளவேண்டும். போனில் வாசித்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கொடுமை தெரியும்.

தமிழில் இது இன்னும் மோசம். பழைய அச்சு, மங்கலான ஸ்கான், அதைச் சின்னத் திரையில் சுருக்கினால் முதலில் காணாமல் போவது புள்ளி. கல் கலவாகிவிடும், பல் பலவாகிவிடும். போதாததற்கு எழுத்துக்கு மேலே ஒரு தூசி விழுந்திருந்தால் அது புள்ளி மாதிரித் தெரியும். ரகரமும் காலும் ஒன்றாகிவிடும், ணகரத்துக்கும் னகரத்துக்கும் எத்தனை சுழி என்று எண்ணிக்கொண்டிருக்கவேண்டும். ஆங்கிலம் வாசிக்கிற ஒருவர் 7 அங்குலம் போதும் என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

சரி, அப்படியானால் எவ்வளவு வேண்டும்? புத்தகத்தைத்தான் அளக்கவேண்டும். அலுமாரியில் இருந்த ஒரு சாதாரண நாவலை எடுத்து அளந்தேன், பக்கத்தின் அகலம் பன்னிரண்டரை சென்ரிமீற்றருக்குள் வந்தது, நான்கு பக்கமும் உள்ள வெற்றிடத்தை விட்டால் எழுத்து நிற்கிற பகுதி பத்தைத் தாண்டவில்லை. 8.7 அங்குலத் திரையில் அது அச்சில் இருந்த அளவிலேயே நிற்கும். ஆனால் ஓரத்தை வெட்டிவிடவேண்டும். ரீட்எரா மாதிரியான செயலிகளில் அதற்கு வசதி இருக்கிறது, ஒருமுறை போட்டுவிட்டால் போதும். கொஞ்சம் பெரிய புத்தகம், அதாவது ஏ5 என்றால், அதன் மூலைக்கு மூலை கோடு கிட்டத்தட்ட 10.1 அங்குலம்தான். ஏ4 தாளுக்கு அது 14.3 அங்குலம். ஆகவே ஏ4 பக்கத்தை உள்ள அளவில் காட்டுகிற ரப்பைக் கைப்பையில் கொண்டு திரியும் யோசனையை விட்டுவிடுங்கள். ஏ4 வந்தால் நான் ரப்பைப் படுக்கையாகத் திருப்பி அரைப்பக்கம் அரைப்பக்கமாக வாசிக்கிறேன். அழகில்லை, ஆனால் கண் நோகாது.

நீங்கள் வாசிப்பது இபப் கோப்பு மட்டும்தான் என்றால் இந்தச் சண்டையே இல்லை. எழுத்தைப் பெருப்பித்தால் வரி தானாக மடிந்துகொள்ளும், 6 அங்குலக் கின்டில் கூடப் போதும், அதோடு அதை ஜன்னலோர சீட்டில் மத்தியான வெயிலிலும் வாசிக்கலாம். என் ரப் அந்த வெயிலில் முகம் பார்க்கிற கண்ணாடியாகிவிடும், பஸ் போகிற ஏ9 வீதி முழுக்க என் மூஞ்சையைத்தான் பார்த்துக்கொண்டு போகவேண்டும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஒரே புத்தகத்தை இபப், ஏ4 பிடிஎஃப், 6 அங்குலப் பிடிஎஃப் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். அதில் போய் ஏ4 ஐ இறக்கிவிட்டு எழுத்து சின்னது என்று கத்துகிற ஆட்களில் நானும் ஒருத்தியாக இருந்தேன்.

கடைசியில் 8.7 தான் எடுத்தேன். 332 கிராம். கைப்பை மூடுகிறது, ஒரு கையில் நிற்கிறது, மழை வந்தால் ஒரு சொப்பின் பைக்குள் சுற்றிப் போட்டுவிடலாம். குறை இல்லாமல் இல்லை. திரையின் கூர்மை அவ்வளவு காணாது, ஐபேட் மினியில் ஓர் அங்குலத்துக்கு 326 புள்ளி, இதில் 180 கூட வராது, மங்கிய ஸ்கானில் அது நன்றாகவே தெரிகிறது. இரண்டு கொலம் போட்ட பழைய பத்திரிகைப் பக்கம் வந்தால் எரிச்சல்தான். அக்காவின் மகன் உயர்தரத்துக்குப் படிக்கிறான், கடந்தகால வினாத்தாள் எல்லாம் ஏ4, அவன் கேட்டபோது 11 அங்குலம் எடு, வீட்டு மேசையில் வைத்துப் படி, தூக்கிக்கொண்டு திரியாதே என்றுதான் சொன்னேன்.

அந்தப் பழைய 10.1 வீணாகவில்லை. அம்மாவுக்கு ஒரு கண்ணில் வெண்படலம் எடுத்தபிறகு பேப்பரின் சின்ன எழுத்து பிடிபடுவதில்லை. சாய்மனைக் கதிரையில் இருந்து, மடியில் தலையணி வைத்து, அதன்மேல் ரப்பைச் சாத்திக்கொண்டு காலையில் பேப்பரைப் பெருப்பித்து வாசிக்கிறா, முதலில் மரண அறிவித்தல், அப்புறம்தான் மற்றதெல்லாம். இரவில் கரண்ட் போனாலும் விடுவதில்லை. அறுவடைக் காலத்தில் வயல்பக்கத்துப் பூச்சி எல்லாம் அந்த வெளிச்சத்துக்கு வந்து திரையில் ஒட்டும், தட்டிவிடப் போனால் பக்கம் மாறும். "பிள்ளை, இது தானா மாறுது, பழுதாப் போச்சு போல" என்று என்னைக் கூப்பிடுவா. நான் போய்ப் பூச்சியை ஊதிவிட்டு வருவேன்.

அட்டைத் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. போன கிழமை பக்கத்து வீட்டுத் தங்கச்சி ரப் வாங்கப்போகிறேன், எது நல்லது என்று கேட்டாள். மூன்றையும் கொடுத்துவிட்டேன். சீனி அவள் வீட்டிலேயே இருக்கும்.